குறுவை கூடியது தொகுப்பாலா, தண்ணீராலா? கணினி சொல்லும் கணக்கை விவசாயி எப்படிப் படிப்பது?

ஜூன் மாதம் நெருங்கினால் காவிரி டெல்டாவில் இரண்டு செய்திகளுக்காகக் காத்திருப்போம். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பது ஒன்று. குறுவை சாகுபடி சிறப்புத் தொகுப்பில் இந்த ஆண்டு என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. அறுவடை முடிந்ததும் மூன்றாவதாக ஒரு செய்தி வரும். பரப்பு கூடியிருந்தால் ‘தொகுப்புத் திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்பார்கள். குறைந்திருந்தால் ‘திட்டம் பலன் தரவில்லை’ என்பார்கள். தண்ணீர் எப்போது வந்தது என்ற பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடும்.

இப்போது இந்த விவாதத்துக்குள் கணினியும் வந்துவிட்டது. செயற்கைக்கோள் படங்கள், மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் ஆகியவற்றை இணைத்து, மெஷின் லேர்னிங் எனப்படும் இயந்திரக் கற்றல் முறையில் அரசுத் திட்டங்களின் பலனை அளக்கலாம் என்ற பேச்சு வலுத்து வருகிறது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இனி எந்த மானியம் தொடரும், எது நிற்கும், யாருக்குப் போகும் என்ற முடிவுகளில் இத்தகைய கணக்குகளுக்கும் பங்கு இருக்கும். ஆகவே இது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும் என்பது விவசாயிக்கும் தெரிந்திருக்க வேண்டும். நமக்குப் பழக்கமான குறுவையையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நான்கு பருவங்கள், நான்கு கதைகள்

2021-ல் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கப்பட்டது. 2022-ல் அதற்கும் முன்பாக மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் மீண்டும் ஜூன் 12. ஆனால் அந்த ஆண்டு கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் குறைந்து, அக்டோபர் 10-ல் அணை மூடப்பட்டது. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2024-ல் ஜூன் 12-ல் திறக்கும் அளவுக்கு அணையில் நீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதற்குள் பலர் குறுவையைக் கைவிட்டு ஒருபோக சம்பாவுக்குப் போய்விட்டார்கள்.

இந்த நான்கு ஆண்டுகளிலும் தொகுப்புத் திட்டம் இருந்தது. முதலில் உர மானியமும் விதை மானியமும் முக்கியமாக இருந்தன. 2024-ல் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. அதாவது தொகுப்பு ஓரளவு மாறியது, தண்ணீரோ தலைகீழாக மாறியது. இந்நிலையில் 2022-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வைத்து, தொகுப்பு பலன் தந்ததா இல்லையா என்று முடிவு சொல்ல முடியுமா?

இன்னும் பின்னால் போனால் சிக்கல் கூடும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. அந்த ஆண்டுகள் பலவற்றிலும் குறுவைத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. ஆற்றுநீர் இல்லை, நிலத்தடி நீரை வைத்தாவது நடட்டும் என்பதற்காக மும்முனை மின்சாரம், இயந்திர நடவு போன்ற உதவிகளோடு வந்த தொகுப்புகள் அவை. ஆக, அன்றைக்குத் தண்ணீர் இல்லாததால் தொகுப்பு வந்தது. 2021-க்குப் பிறகு தண்ணீர் இருந்த ஆண்டுகளிலும் வந்தது.

விவரம் தெரியாத ஒருவர் முதல் காலத்தை மட்டும் கணினியில் ஏற்றினால், ‘தொகுப்பு வந்த ஆண்டுகளில் பரப்பு குறைவு’ என்று விடை வரும். 2021, 2022-ஐ மட்டும் ஏற்றினால், ‘தொகுப்பு வந்தால் பரப்பு அதிகம்’ என்று வரும். இரண்டு விடைக்கும் காரணம் தண்ணீர். காய்ச்சல் வந்தவர்தான் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மறந்து, மாத்திரையால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்வது போன்றது இது.

நானே செய்த தவறு

இதை மற்றவர்கள் செய்யும் தவறாக மட்டும் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் திருந்திய நெல் சாகுபடிப் பயிற்சி ஒன்றின் பலனைக் கணக்கிடும் வேலை என்னிடம் வந்தது. பயிற்சிக்கு வந்தவர்களின் விளைச்சலையும் வராதவர்களின் விளைச்சலையும் எடுத்து, வித்தியாசத்தைப் பயிற்சியின் பலனாக எழுதிக் கொடுத்தேன். நல்ல வித்தியாசம் இருந்தது. எனக்கும் மகிழ்ச்சி.

பிறகு அந்தக் கிராமங்களுக்குப் போய்ப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. திருந்திய நெல் சாகுபடிக்கு வயலை நனைத்தும் காயவிட்டும் நீர் கட்ட வேண்டும். சொந்தப் பம்புசெட் இருப்பவரால்தான் அது முடியும். பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியிருந்தவர்கள் ‘இது நமக்கு ஆகாது’ என்று வரவேயில்லை. நான் அளந்ததில் பயிற்சி எவ்வளவு, பம்புசெட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், உண்மையான ஆய்வு அல்ல. உதவி பெற்ற 100 பேரில் 80 பேரிடம் போர் இருக்கிறது, 20 பேர் வாய்க்கால் பாசனம். உதவி பெறாத 100 பேரில் 40 பேரிடம் போர், 60 பேர் வாய்க்கால். போர் உள்ளவர்களில் உதவி பெற்றவர் ஏக்கருக்கு 38 மூட்டையும் பெறாதவர் 36 மூட்டையும் எடுக்கிறார். வாய்க்கால் பாசனத்தில் உதவி பெற்றவர் 28, பெறாதவர் 26.

இப்போது சராசரி பாருங்கள். உதவி பெற்றவர்களுக்கு 36 மூட்டை, பெறாதவர்களுக்கு 30 மூட்டை. ‘திட்டத்தால் 6 மூட்டை கூடியது’ என்று தலைப்பு போட்டுவிடலாம். ஆனால் ஒரே மாதிரி பாசனம் உள்ளவர்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 2 மூட்டைதான். மீதி 4 மூட்டை, போர் வைத்திருப்பவர் கைக்கு உதவி எளிதாகப் போய்ச் சேர்ந்ததால் வந்த தோற்றம்.

இயந்திரக் கற்றல் இதில் என்ன செய்கிறது?

மேலே உள்ள கணக்கில் போர், வாய்க்கால் என்ற ஒரே ஒரு வேறுபாடுதான். நிஜத்தில் நிலம் எத்தனையோ வகையில் வேறுபடும். மண் களியா மணலா, தலைமடையா கடைமடையா, நிலத்தடி நீர் உப்பா, நாற்று எப்போது விட்டார்கள், எந்த ரகம், நேரடி நெல் கொள்முதல் நிலையம் எவ்வளவு தூரம், போன ஆண்டு கடன் அடைந்ததா என்று பட்டியல் நீளும். இத்தனையையும் கையால் வகைபிரித்து, ஒரே மாதிரி வயல்களைத் தேடி ஒப்பிட முடியாது. அந்த வேலையைத்தான் கணினி எடுத்துக்கொள்கிறது.

முறைகள் பல உண்டு. இரண்டின் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் முறையில் கணினி இரண்டு கணிப்புகளைச் செய்கிறது. மண், நீர், மழை போன்ற விவரங்களை மட்டும் பார்த்து, இந்த வயலில் எவ்வளவு விளையும் என்று ஒரு கணிப்பு. அதே விவரங்களைப் பார்த்து, இந்த விவசாயிக்குத் திட்ட உதவி கிடைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இன்னொரு கணிப்பு. பிறகு, கணித்ததற்கு மேல் கிடைத்த விளைச்சலையும், கணித்ததற்கு மாறாகக் கிடைத்த உதவியையும் சேர்த்துப் பார்க்கிறது. போர் இருப்பதால் கூடுதல் விளைச்சல், போர் இருப்பதால் கூடுதல் உதவி ஆகிய இரண்டும் கணிப்பிலேயே கழிந்துவிடும். மிஞ்சுவதில்தான் திட்டத்தின் பலன் தெரியும்.

இரண்டாவது முறைக்குக் காரணக் காடு என்று பெயர் வைக்கலாம். 2001-ல் லியோ பிரைமன் என்ற புள்ளியியல் அறிஞர் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறையைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்து, அவற்றின் சராசரியை எடுக்கும் முறை அது. ஸ்டீஃபன் வேகர், சூசன் ஏதி ஆகிய இருவரும் 2018-ல் வெளியிட்ட கட்டுரையில், அதைத் திட்டங்களின் பலனை அளப்பதற்கு ஏற்றவாறு மாற்றினார்கள். இதன் சிறப்பு, ‘சராசரியாக எவ்வளவு பலன்’ என்பதோடு நிற்காமல் ‘எந்த மாதிரி வயலில் அதிகம், எதில் குறைவு’ என்றும் காட்டுவதுதான். விவசாயிக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். 2 மூட்டை சராசரிப் பலன் என்றால், ஒருவருக்கு 5 மூட்டையும் இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

வானிலிருந்து கிடைக்கும் தகவல்

இப்படிக் கணக்கிட வயல்வாரியாகத் தகவல் வேண்டும். முன்பு அது சாத்தியமில்லை. இப்போது ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடார் அலைகளால் நிலத்தைப் பார்க்கிறது. 2014 முதல் இந்தத் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. ரேடார் மேகத்தை ஊடுருவும் என்பதால், மழைக்காலத்திலும் எந்த வயலில் நீர் நிறுத்தினார்கள், எப்போது நட்டார்கள் என்று தோராயமாகச் சொல்ல முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இந்த வகையில் நெல் பரப்பைக் கணித்த அனுபவம் உடையது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஓர் ஏக்கரில் சுமார் 40 புள்ளிகள் விழும். ஒரு மா நிலம் வைத்திருப்பவருக்கு 13 புள்ளிகள்தான் கிடைக்கும். அதிலும் வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். சிறிய நிலத்துக்காரரின் கணக்கில் பிழை அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்க வயல்களில் கிடைத்த பாடம்

இந்த முறை ஏட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மக்காச்சோள மண்டலத்தில் குறைந்த உழவு முறையின் பலனை, செயற்கைக்கோள் தகவலையும் காரணக் காடு முறையையும் வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. நீண்ட காலம் குறைந்த உழவைக் கடைப்பிடித்த வயல்களில் மக்காச்சோள விளைச்சல் சராசரியாக 3.3 சதவீதமும் சோயா மொச்சை 0.74 சதவீதமும் கூடியிருந்தன. அண்மையில் மாறிய வயல்களில் பலன் அதைவிடக் குறைவு.

அதே ஆய்வாளர்களில் சிலர் அடுத்து மூடுபயிரை எடுத்தார்கள். முக்கியப் பயிர் இல்லாத காலத்தில் மண்ணைக் காக்க விதைக்கும் பயிர் அது. அமெரிக்க அரசு இதற்கு உதவித்தொகை தருகிறது. 2021-ல் மூடுபயிர் விதைத்தவர்களுக்குக் காப்பீட்டு பிரீமியத்தில் ஏக்கருக்கு 5 டாலர் வரை தள்ளுபடியும் கொடுத்தார்கள். 90,000-க்கும் மேற்பட்ட வயல்களைப் பார்த்த அந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ மூடுபயிர் விதைத்த வயல்களில் மக்காச்சோளம் சராசரியாக 5.5 சதவீதமும் சோயா மொச்சை 3.5 சதவீதமும் குறைந்திருந்தன. மக்காச்சோளத்தில் இழப்பு நல்ல மண் உள்ள வயல்களில்தான் அதிகம்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். நாம் பசுந்தாள் பயிரைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோம். அங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில் தானியவகைப் பயிர்களை வளர்க்கிறார்கள். மண்ணும் வேறு, பருவமும் வேறு. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நல்ல நோக்கத்தோடு கொடுக்கும் மானியம் விவசாயியின் களத்தில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ச்சிப் பண்ணையோடு நிறுத்திக்கொள்ளாமல் விவசாயிகளின் வயல்களிலேயே அளந்தார்கள். இழப்பு எந்த மண்ணில் அதிகம் என்று தெரிந்ததால், அங்கே விவசாயிக்குக் கூடுதல் ஈடு தரவேண்டும் என்று பேச வழி பிறந்தது. நம்மிடம் பசுந்தாள் உர விதைக்கும் நுண்ணீர்ப் பாசனத்துக்கும் இயந்திர நடவுக்கும் மானியம் உண்டு. எந்த வட்டாரத்தில் எது எவ்வளவு பலன் தருகிறது என்று இப்படி அளந்து சொல்லும் கணக்கு நமக்கும் தேவை.

கணினிக்கு எட்டாதவை

இனிக் கவனமாக இருக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பதிவில் இல்லாததைக் கணினி அறியாது. ஒரு விவசாயியின் உழைப்பு, வாய்க்காலில் முறை வாங்குவதில் அவருக்கு உள்ள செல்வாக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வந்த அன்றே தகவல் கிடைப்பது ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இவையும் விளைச்சலைக் கூட்டும், உதவியையும் கூட்டும். கணினி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தப் பிழையைத் தானாகத் திருத்த முடியாது.

இரண்டாவது, குத்தகை. தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், தனியார் நிலம் எதுவானாலும் வாய்மொழிக் குத்தகை இன்றும் ஏராளம். பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருடையது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளர் குடும்பத்துக்குத்தான் வருகிறது. நில உடைமையை அடிப்படையாக வைத்த பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, ‘உதவி பெற்றவர் விளைச்சலைக் கூட்டினாரா’ என்று கேட்டால், பணம் வாங்கியவர் ஒருவராகவும் பயிரிட்டவர் வேறொருவராகவும் இருப்பார்கள். பலன் இல்லை என்று விடை வந்தால் அது திட்டத்தின் குறையா, பதிவேட்டின் குறையா?

மூன்றாவது, கணினிக் கணிப்பு நடுவை நோக்கி நகரும். தகவல் போதாதபோது, மிக நல்ல வயலின் விளைச்சலைச் சற்றுக் குறைத்தும் மிக மோசமான வயலின் விளைச்சலைச் சற்றுக் கூட்டியும் சொல்வது இந்த முறைகளின் இயல்பு. சராசரி சரியாகவே இருக்கும். ஆனால் 12 மூட்டைதான் எடுத்த கடைமடை விவசாயிக்கு 18 என்று எழுதிவிடும். திட்ட மதிப்பீட்டில் இதனால் உண்மையான பலன் குறைத்துக் காட்டப்படலாம். காப்பீட்டில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும், மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவீத எடையைத் தொழில்நுட்ப முறையில் கணித்த மகசூலுக்குத் தரவேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. எனவே பயிர் அறுவடைப் பரிசோதனை முன்பைவிட முக்கியமாகிறது. அந்த 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டத்தில் அறுத்து எடைபோட்ட நெல்தான் கணினிக்குப் பாடம். பாடம் தவறானால் கணிப்பும் தவறாகும்.

ஒப்பிட ஆள் இருக்க வேண்டும்

எந்த முறையானாலும், திட்டம் கிடைத்தவரோடு ஒப்பிட, கிடைக்காத ஒருவர் வேண்டும். அவர் எல்லா வகையிலும் முன்னவரைப் போலவே இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் ஒப்பிட ஆளில்லை. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் டெல்டா அல்லாத மாவட்டங்களின் நெல் விவசாயிகளுக்கும் சிறப்புத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. விவசாயி என்ற முறையில் வரவேற்க வேண்டியதுதான். அதேசமயம், இதுவரை டெல்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்க இருந்த மாவட்டங்களும் திட்டத்துக்குள் வந்துவிட்டன என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. பல திட்டங்கள் எப்படியும் படிப்படியாகத்தான் வருகின்றன. கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஐந்து ஆண்டுகளில் எட்டும் வகையில் வகுக்கப்பட்டது. 2021-22-ல் முதலில் 1,997 ஊராட்சிகள் எடுக்கப்பட்டன. முதலில் வந்த ஊராட்சியையும், தன் முறைக்காகக் காத்திருந்த அதே மாதிரியான ஊராட்சியையும் ஒப்பிடலாம். எந்த ஊராட்சி முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால் ஒப்பீடு இன்னும் நம்பகமாக இருக்கும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை, வரிசை மட்டும்தான் குலுக்கலில் வருகிறது. திட்டம் வகுக்கும்போதே இதையும் யோசித்துவிட்டால், பின்னால் கணினியை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

குறுவைத் தொகுப்பை நேர்மையாக மதிப்பிட வேண்டுமானால், குறைந்தபட்சம் நான்கு தகவல்கள் சர்வே எண் வாரியாகச் சேர வேண்டும். நட்ட தேதி, அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, போர் உண்டா இல்லையா, தொகுப்பில் என்ன கிடைத்தது என்பவை அவை. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், தண்ணீரின் பலனைத் தொகுப்பின் கணக்கிலோ தொகுப்பின் பலனைத் தண்ணீரின் கணக்கிலோ எழுதிவிடுவோம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அடங்கலைப் பருவந்தோறும் சரிபாருங்கள். உங்கள் சர்வே எண்ணில் பயிரின் பெயர், பரப்பு, பாசன ஆதாரம் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறுவை நட்ட நிலம் தரிசு என்று இருந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் திருத்தக் கேளுங்கள். விடுபட்டால் ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம்.

2. மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது வயலில் இருங்கள். 2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களும் இந்தப் பணியில் இறங்கினார்கள். ஊருக்குப் புதியவர்களுக்கு எல்லை தெரியாது. உங்கள் வரப்பையும் பயிரையும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

3. குத்தகை விவசாயிகள், சாகுபடி செய்வதற்கான சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பருவத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள். நில உடைமையாளரும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். பயிரிடுபவரின் பெயர் பதிவில் இல்லாதவரை எந்தக் கணக்கும் அவரைப் பார்க்காது.

4. உங்கள் ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், என்றைக்கு நடக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியப் பயிருக்கு ஊராட்சிக்கு நான்கு பரிசோதனைகளாவது நடக்க வேண்டும் என்பது விதி. கட்டம் அளப்பதையும் எடை போடுவதையும் நேரில் பாருங்கள்.

5. சொந்தமாக ஒரு நோட்டு வையுங்கள். நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, தண்ணீர் வந்த தேதி, போட்ட உரம், அதில் மானியத்தில் வந்தது எவ்வளவு, எடுத்த மூட்டை ஆகியவற்றை எழுதுங்கள். பருவத்துக்கு ஒரு பக்கம் போதும். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பேசும்போது இந்தப் பக்கம் கையில் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

6. புதிய உரமோ ரகமோ முயற்சி செய்யும்போது, அதே வயலில் ஒரு பகுதியைப் பழைய முறையிலேயே விடுங்கள். இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் மாறியிருக்கும். பெரிய ஆய்வுகள் தேடுவதும் இதைத்தான்.

7. ‘செயற்கை நுண்ணறிவு ஆய்வில் திட்டம் வெற்றி’ என்றோ ‘தோல்வி’ என்றோ செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரோடு ஒப்பிட்டார்கள்? தண்ணீரையும் மழையையும் கணக்கில் சேர்த்தார்களா? தரையில் அறுத்து எடை போட்டுச் சரிபார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தச் செய்தியை நம்பிப் படிக்கலாம்.

இயந்திரக் கற்றலைக் கண்டு பயப்பட வேண்டியதும் இல்லை, அதை வானளாவப் புகழ வேண்டியதும் இல்லை. உர மூட்டை யாருக்குப் பலன் தந்தது, இயந்திர நடவு மானியம் எந்த வட்டாரத்துக்குத் தேவை, கடைமடைக்கு மானியத்தைவிட ஜூன் மாதத் தண்ணீர்தான் மருந்தா என்பதையெல்லாம் இதுவரை இல்லாத துல்லியத்தோடு சொல்லும் வாய்ப்பு இதில் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர்தான் மருந்து என்று கணக்கு சொன்னால், அதையும் அரசு கேட்கத் தயாராக இருக்க வேண்டும். உரம் கொடுப்பதைவிட வாய்க்கால் தூர்வாருவதுதான் முதல் வேலை என்று விடை வரலாம்.

ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே எழுதியிருக்கும் ஒரு வரியில். இந்தப் பருவம் நடவு முடிந்த கையோடு அடங்கலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.